17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களும் அருங்காட்சியகங்களின் புதிய சேர்க்கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஓவியங்களைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

2016 முதல் 2022 வரையிலான சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய அருங்காட்சியகங்கள், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சில முக்கியமான ஓவியங்களைத் தங்கள் தொகுப்பில் சேர்த்துக்கொண்டன. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த மார்ட்டன் சோல்மன்ஸ், ஊப்யென் கொப்பிட் தம்பதியின் இரட்டை உருவப்படங்கள் 2016இல் நெதர்லாந்துக்கும் பிரான்சுக்கும் சேர்ந்து சொந்தமாயின. அதே ரெம்பிராண்டின் ‘கொடியேந்தி’ 2022இல் நெதர்லாந்துக்கு வந்தது. லண்டன் நேஷனல் கேலரி 2018இல் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கியின் தன்னுருவ ஓவியத்தையும், அடுத்த சில காலத்திலேயே அவருடைய தந்தை ஒராட்சியோ வரைந்த ‘மோசே கண்டெடுக்கப்படுதல்’ ஓவியத்தையும் வாங்கியது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 2017இல் 113 ஓவியங்கள் கொடையாக அறிவிக்கப்பட்டன. வாசகர்கள் இவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளே கீழே உள்ளவை.

ஏற்கெனவே சுவர் நிறைய ஓவியங்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் மேலும் ஏன் வாங்க வேண்டும்?

பெரிய தொகுப்பு என்பதால் அது முழுமையான தொகுப்பாகிவிடாது. நேஷனல் கேலரியில் ஏறத்தாழ 2,300 ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் பெண்கள் வரைந்தவை, 2018ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இருபதைச் சற்றே தாண்டின. 17ஆம் நூற்றாண்டு இத்தாலியின் மிகச் சிறந்த ஓவியர்களில் ஒருவரான ஆர்ட்டெமீசியாவின் ஒரு படம்கூட அதுவரை அங்கே இல்லை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியத்தின் குறை வேறு வகையானது. ரெம்பிராண்டின் 1642ஆம் ஆண்டுப் பெரும்படைப்பான ‘இரவுக் காவல்’ அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஓவியத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைக் காட்டும் 1630களின் துணிச்சலான படங்கள் போதுமான அளவில் இல்லை. இப்படிப்பட்ட இடைவெளிகளை நிரப்பும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். ரெம்பிராண்டின் முதல்தர ஓவியங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பொதுத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. தனியாரிடம் எஞ்சியிருக்கும் சிலவற்றில் ஒன்று விற்பனைக்கு வரும்போது, இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது.

ஒரே ஜோடி ஓவியத்தை இரண்டு நாடுகள் சேர்ந்து வாங்கியது ஏன்?

மார்ட்டன், ஊப்யென் உருவப்படங்கள் 1877 முதல் பாரிசில் ரோத்ஸ்சைல்ட் என்ற வங்கித் தொழில் குடும்பத்தின் வசம் இருந்தன. 1956இல் நெதர்லாந்தில் நடந்த ரெம்பிராண்ட் கண்காட்சியைப் போன்ற மிகச் சில வாய்ப்புகளைத் தவிர, பொதுமக்கள் அவற்றைப் பார்த்ததே இல்லை. குடும்பம் விற்க முன்வந்தபோது கேட்ட விலை, இரண்டுக்கும் சேர்த்து 160 மில்லியன் யூரோ. பிரெஞ்சு அரசு முதலில் ஏற்றுமதி அனுமதியைக் கொடுத்துவிட்டது. அது தெரிந்ததும் பிரான்சில் எதிர்ப்பு எழுந்தது. ரைக்ஸ்மியூசியமோ இரண்டையும் தானே வாங்கிவிடும் முயற்சியில் இறங்கியிருந்தது. இரு தரப்பும் போட்டி போட்டிருந்தால் விலை ஏறியிருக்கும், அல்லது ஜோடி பிரிந்திருக்கும். 2015இல் அமைச்சர்கள் அளவில் பேசி, ஆளுக்கு 80 மில்லியன் யூரோ கொடுப்பது என்று முடிவானது. சட்டப்படி மார்ட்டன் நெதர்லாந்துக்கும் ஊப்யென் பிரான்சுக்கும் சொந்தம். ஆனால் இருவரும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஆம்ஸ்டர்டாமிலும் பாரிசிலும் மாறி மாறிக் காட்டப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அரசியல் சமரசமாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, அருங்காட்சியக வரலாற்றில் பின்பற்றத்தக்க முன்மாதிரிகளுள் ஒன்று என்றே கருத வேண்டியிருக்கிறது. உடைமை இரண்டாகப் பிரிந்தாலும் படைப்பு பிரியாமல் காக்கப்பட்டது. இவ்வளவு பெரிய ஓவியங்களை அடிக்கடி இடம் மாற்றுவது ஆபத்தில்லையா என்று கேட்பவர்களின் கவலையும் நியாயமானதே. எந்தப் பயணமும் கித்தானுக்கு, அதாவது ஓவியம் வரையப்பட்ட துணிக்கு, நல்லதல்ல. ஒவ்வொரு முறையும் அதிர்வு, ஈரப்பதம், வெப்பநிலை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் தனிப் பெட்டிகளில்தான் இத்தகைய படங்கள் பயணம் செய்கின்றன.

அந்த ஓவியங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதலில் அவற்றின் அளவு. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கும் அதிகமான உயரம் கொண்டது. ஆட்கள் தலை முதல் கால் வரை நிஜ அளவில் நிற்கிறார்கள். அப்படி முழு உருவமாக வரையப்படுவது அக்காலத்தில் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரிய மரியாதை. இங்கே நிற்பவர்களோ ஆம்ஸ்டர்டாமின் பணக்கார வணிகக் குடும்பத்து இளம் தம்பதி. 1633இல் மணம் முடித்து, அடுத்த ஆண்டு படம் வரையச் சொன்னவர்கள். ரெம்பிராண்டுக்கு அப்போது வயது 28. நிஜ அளவில் முழு உருவம் காட்டும் ஜோடி உருவப்படம் என்று அவர் வரைந்தது இது ஒன்றுதான்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் தரையின் பாவுகற்களும் பின்னாலுள்ள திரையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்வது தெரியும். மார்ட்டன் கழற்றிய கையுறையை மனைவியின் பக்கமாக நீட்டிப் பிடித்திருக்கிறார். அவருடைய காலணிகளில் பூப்போல விரிந்த பெரிய லேஸ் கொத்துகள். அவை நடக்க உதவியிருக்க வாய்ப்பில்லை, பகட்டுக்கு நன்றாகவே உதவியிருக்கும். ஊப்யென் கறுப்பு உடையில், கையில் நெருப்புக்கோழி இறகு விசிறியுடன், பாவாடையைச் சற்றே தூக்கியபடி படியிறங்கி வருகிறார். நெற்றிப்பொட்டில் ஒட்டிய சிறு கறுப்புப் பொட்டைக்கூட ரெம்பிராண்ட் விடவில்லை. வெளிறிய தோலை இன்னும் வெளிறலாகக் காட்ட அக்காலப் பெண்கள் ஒட்டிக்கொண்டது அது.

அச்சில் பார்க்கும்போது இருவரும் கறுப்பு உடையில் இருப்பதாக மட்டுமே தோன்றும். நேரில் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள் பட்டின் பளபளப்பு, நெய்த பூவேலை, மடிப்புகளின் நிழல் என்று பல கறுப்புகள் இருப்பது புரியும். லேஸ் கழுத்துப்பட்டையின் வெண்மை தடித்த வண்ணமாக மேலெழும்பி நிற்கிறது. நுட்பமான நூல்வேலையை இழை இழையாக வரையாமல், தூரிகையின் சில தொடுதல்களால் கண்ணை நம்பவைக்கிறார்.

படத்தில் இருப்பவர்கள் யாரென்று எப்படித் தெரிந்தது? அவர்களுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

நீண்ட காலம் அந்த ஆண் ‘மார்ட்டன் டாய்’ என்ற படைத்தலைவர் என்றே நம்பப்பட்டது. உண்மையில் டாய் ஊப்யெனின் இரண்டாவது கணவர்; படத்தில் இருப்பவர் அல்ல. மார்ட்டன் சோல்மன்ஸ் 1641இல் இளம் வயதிலேயே இறந்துவிட, சில ஆண்டுகள் கழித்து ஊப்யென் மறுமணம் செய்துகொண்டார். ஓவியங்கள் அந்தக் குடும்பத்தின் வழியே கைமாறியதால் பெயர் மாறிவிட்டது. ஆம்ஸ்டர்டாம் ஆவணக்காப்பாளர் இசபெல்லா ஃபான் ஏகன் 1956இல் பழைய பத்திரங்களைத் துருவி உண்மைப் பெயரை மீட்டார். பெயர் திரும்பக் கிடைத்ததால்தான் பணத்தின் கதையும் வெளிவந்தது.

சோல்மன்ஸ் குடும்பத்தின் தொழில் சர்க்கரை சுத்திகரிப்பு. அன்றைய ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த கச்சாச் சர்க்கரையில் பெரும்பகுதி பிரேசிலின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். இரண்டாம் கணவர் டாய் பிரேசிலில் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்தவர். அங்கே அவர் பிரான்சிஸ்கா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணைச் சிறைபிடித்து வன்கொடுமை செய்தது அக்காலத் திருச்சபைப் பதிவில் இருக்கிறது. 2021இல் ரைக்ஸ்மியூசியம் நடத்திய ‘அடிமைமுறை’ கண்காட்சி பத்து மனிதர்களின் வாழ்க்கை வழியாகக் கதையைச் சொன்னது. அந்தப் பத்துப் பேரில் ஊப்யெனும் ஒருவர். 80 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கிய ஜோடியை ஐந்தே ஆண்டுகளில் இப்படியொரு வெளிச்சத்தில் நிறுத்தியதை அருங்காட்சியகத்தின் நேர்மைக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

இதே காலத்து டச்சுச் செல்வத்தில் சோழமண்டலக் கடற்கரைக்கும் பங்குண்டு என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்வது பொருத்தம். பழவேற்காட்டிலும், 1658க்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் இருந்த டச்சுக் கோட்டைகள் துணி வாணிகத்துக்காக எழுந்தவை. பழவேற்காட்டிலிருந்து துணி மூட்டைகளோடு அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினார்கள்.

‘கொடியேந்தி’ ஓவியத்துக்கு 175 மில்லியன் யூரோ என்பது நியாயமான விலையா?

1636இல், முப்பது வயதில், ரெம்பிராண்ட் தன்னையே மாதிரியாக வைத்து வரைந்த படம் இது. தோளில் சாய்ந்த வெளிர்நிறக் கொடி, இறகு செருகிய தொப்பி, முறுக்கிய மீசை, இடுப்பில் ஊன்றிய கை. அந்தக் கையின் முழங்கை படத்திலிருந்து பார்ப்பவரை நோக்கிப் புடைத்து வருகிறது. உடை அவர் காலத்தது அல்ல, முந்தைய நூற்றாண்டின் பாணி. ஸ்பெயினுக்கு எதிரான எண்பது ஆண்டுப் போரில் கொடியேந்திகள் முன்வரிசையில் நின்றவர்கள். கொடியைப் பிடித்தவன்தான் எதிரியின் முதல் குறி. ஆகவே டச்சுக்காரர்களுக்கு இந்தப் படம் விடுதலைப் போரின் நினைவாகவும் பொருள்படுகிறது.

ஒரு காலத்தில் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜிடம் இருந்த இந்த ஓவியம், 1844 முதல் ரோத்ஸ்சைல்ட் குடும்பத்திடம் இருந்தது. 175 மில்லியனில் 150 மில்லியனை நெதர்லாந்து அரசும், 15 மில்லியனை ரெம்பிராண்ட் சங்கமும், 10 மில்லியனை ரைக்ஸ்மியூசியம் நிதியும் கொடுத்தன. ரெம்பிராண்ட் சங்கம் 1883இல் தொடங்கப்பட்டது. டச்சுக் கலைச்செல்வங்கள் வெளிநாட்டுக்குப் போவதைத் தடுக்க உறுப்பினர்களிடம் நிதி திரட்டும் அமைப்பு அது.

விலையைப் பற்றி இரு கருத்துகள் இருக்கத்தான் செய்யும். கொரோனாக் காலத்தில் நாடகக்காரர்களும் இசைக்கலைஞர்களும் வேலையின்றித் தவித்த ஆண்டின் இறுதியில், 2021 டிசம்பரில், இந்த அறிவிப்பு வெளியானது. ஒரே கித்தானுக்கு அரசுப் பணம் 150 மில்லியனா என்று அங்கே பலர் கேட்டனர். படம் மிக முக்கியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே ஒரு விற்பவரும், எப்படியும் வாங்கியே தீருவேன் என்று அறிவித்துவிட்ட ஓர் அரசும் எதிரெதிரே உட்காரும்போது விலை எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்க அதிகப் பொருளாதாரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாங்கிய பிறகு அரசு செய்தது பாராட்டத்தக்கது: ஓவியத்தை நேராக ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோகாமல், பணம் கொடுத்த மக்கள் பார்க்கட்டும் என்று நாட்டின் எல்லா மாகாணங்களுக்கும் அனுப்பிய பின்னரே ரைக்ஸ்மியூசியத்தில் நிலைநிறுத்தியது.

ஓவியம் நாட்டைவிட்டு வெளியேறுவதை அரசுகள் தடுக்க முடியாதா?

தடுக்கலாம், ஆனால் நிரந்தரமாக அல்ல. பிரான்சில் ஓர் ஓவியத்தைத் ‘தேசியச் செல்வம்’ என்று அறிவித்தால் 30 மாதங்களுக்கு ஏற்றுமதி அனுமதி மறுக்கப்படும். அதற்குள் உள்நாட்டில் யாராவது உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ‘கொடியேந்தி’ 2019இல் அப்படி அறிவிக்கப்பட்டது. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்துக்கு அந்தத் தொகையைத் திரட்ட இயலவில்லை. காலக்கெடு முடிந்ததும் நெதர்லாந்து வாங்கியது. பிரிட்டனிலும் ஏற்றுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, உள்நாட்டு அருங்காட்சியகங்களுக்கு அவகாசம் தரும் ஏற்பாடு உண்டு. தடை என்பதைவிட இதை அவகாசம் என்று சொல்வதே சரி.

ஏலத்தில் 2.4 மில்லியன் யூரோவுக்குப் போன ஆர்ட்டெமீசியாவின் ஓவியத்தை நேஷனல் கேலரி ஏழு மாதம் கழித்து 3.6 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியது ஏன்? முதலிலேயே ஏலம் கேட்டிருக்கலாமே?

இந்தக் கேள்வியில் உள்ள சந்தேகம் இயல்பானதுதான். 2017 டிசம்பரில் பாரிசின் ட்ருவோ ஏல இல்லத்தில் விற்கப்பட்ட அந்த ஓவியத்தை லண்டன் வணிகர்கள் வாங்கினார்கள். 2018 ஜூலையில் அவர்களிடமிருந்து நேஷனல் கேலரி வாங்கியது. இடையில் வந்த வித்தியாசம் கணிசமானது.

ஆனால் பொது நிறுவனம் ஒன்று ஏலம் கேட்பதில் பல இடர்கள் உண்டு. ஏலப் பட்டியல் வெளியாகி விற்பனை நடக்க இருப்பது சில வாரங்கள். அதற்குள் பாதுகாப்பு வல்லுநர்கள் ஓவியத்தின் நிலையை ஆராய வேண்டும், உடைமை வரலாற்றைச் சரிபார்க்க வேண்டும், அறங்காவலர் குழு கூடி ஒப்புதல் தர வேண்டும், நன்கொடையாளர்களிடம் பணத்துக்கு உறுதி பெற வேண்டும். வணிகர் தன் சொந்தப் பணத்தைப் பணயம் வைத்து வாங்கி, அருங்காட்சியகத்துக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறார். அந்த நேரத்துக்கும் அவர் ஏற்ற இடருக்கும் உரிய விலைதான் இந்த வித்தியாசம். விலை சற்று அதிகம் என்று வாதிடலாம்; ஆனால் ஆர்ட்டெமீசியாவின் ஓவியங்களுக்குப் பின்னர் கூடிய மதிப்பைப் பார்த்தால் நேஷனல் கேலரி ஏமாந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அந்தத் தொகையும் கேலரியின் அமெரிக்க நண்பர்கள் அமைப்பு, கலைப்பொருள் வாங்க நிதி தரும் ஆர்ட் ஃபண்ட் அறக்கட்டளை உள்ளிட்ட பல இடங்களிலிருந்து சேர்ந்ததுதான்.

அந்த ஓவியத்தில் இருப்பது யார்?

ஓவியரேதான், ஆனால் அலெக்சாந்திரியாவின் புனித கத்தரீனாளின் வேடத்தில். ஏறத்தாழ 1615–17ஆம் ஆண்டுகளில் பிளாரன்சில் வரையப்பட்டது. உயரமும் அகலமும் 70 சென்டிமீட்டர் அளவே கொண்ட, கிட்டத்தட்டச் சதுரமான கித்தான். இடக்கை உடைந்த சக்கரம் ஒன்றின் மீது படிந்திருக்கிறது. அதன் விளிம்பில் கூரான இரும்பு முட்கள். கத்தரீனாளை அந்தச் சக்கரத்தில் கட்டிக் கொல்ல முயன்றபோது சக்கரம் உடைந்து அவர் தப்பினார் என்பது கிறிஸ்தவ மரபுக் கதை. மறு கையில் இரத்தசாட்சிகளுக்கு உரிய குருத்தோலை.

ஆர்ட்டெமீசியா 1593இல் ரோமில் பிறந்தவர். 1611இல் தந்தையின் சக ஓவியர் அகொஸ்தினோ தாஸ்ஸி அவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். அடுத்த ஆண்டு நடந்த வழக்கில், உண்மை சொல்கிறாரா என்று சோதிக்க அவருடைய விரல்களைக் கயிற்றால் இறுக்கினார்கள். தூரிகை பிடிக்கும் விரல்கள் அவை. பிறகு பிளாரன்சுக்குக் குடிபெயர்ந்து, 1616இல் அந்நகரின் ஓவியக் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண்ணாக ஆனார். சித்திரவதைக் கருவியின் மேல் கைவைத்து நேரே பார்க்கும் இந்த முகத்தை அந்த வழக்கோடு சேர்த்துப் படிக்காமல் இருப்பது கடினம். ஆயினும் முழுக்க அதற்குள் அடைத்துவிடுவதும் அநியாயம்: தன் முகத்தையே மாதிரியாக்கிப் புனிதர்களையும் வீரப் பெண்களையும் வரைந்து விற்கத் தெரிந்த, தொழில் சூட்சுமம் அறிந்த ஓவியர் அவர்.

அது சிறைச்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. 2019இல் இந்த ஓவியம் பிரிட்டனில் சுற்றுப்பயணம் போனது. போன இடங்கள் வழக்கமான காட்சிக்கூடங்கள் அல்ல. கிளாஸ்கோவின் பெண்கள் நூலகம், யார்க்‌ஷயரில் பாக்லிங்டன் என்ற சிற்றூரின் மருத்துவர் கிளினிக், நியூகாசிலில் ஒரு பெண்கள் பள்ளி, சரேயில் உள்ள சென்ட் பெண்கள் சிறை ஆகியவை அவற்றுள் அடங்கும். கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஓவியத்தைக் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள் பார்க்கும்படி மாட்டியதை விளம்பர உத்தி என்று சிலர் சொல்லக்கூடும். இந்தப் பக்கத்தில் பேசப்படும் எல்லாச் சேர்க்கைகளிலும், வாங்கியதன் பொருளை இவ்வளவு தெளிவாகக் காட்டிய செயல் வேறொன்றில்லை.

உடைமை வரலாறு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அதில் 1933–1945 ஆண்டுகளுக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்?

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாஜிகள் யூதர்களிடமிருந்து பெருமளவில் கலைப்பொருள்களைப் பறித்தார்கள்; உயிருக்கு அஞ்சி அடிமாட்டு விலைக்கு விற்றவர்களும் பலர். ஆகவே ஐரோப்பாவிலிருந்து வரும் எந்த ஓவியமும் அந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது என்று கேட்பது இன்று கட்டாயம். ஆர்ட்டெமீசியாவின் ஓவியம் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடமிருந்து வந்தது. 1940களுக்கு முந்தைய அதன் வரலாற்றில் இருந்த இடைவெளியை நேஷனல் கேலரியின் அறங்காவலர்களே வாங்கும் முன் விவாதித்தார்கள். பறிக்கப்பட்ட பொருள்களின் பதிவேடுகளில் தேடிப் பார்ப்பதும், முன்பு கைமாறிய ஏலங்களின் பட்டியல்களையும் சட்டகத்தின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டுகளையும் முத்திரைகளையும் ஆராய்வதும் இந்தத் தேடலின் வழக்கமான வழிகள். இத்தனைக்குப் பிறகும் சில இடைவெளிகள் நிரம்புவதில்லை. வாங்குவதா வேண்டாமா என்பதை அப்போது குழு தன் பொறுப்பில் முடிவு செய்கிறது.

ஓர் ஓவியம் அசல்தான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

கண், ஆவணம், கருவி ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எக்ஸ்ரே படம் ஈயவெள்ளை வண்ணத்தின் பரவலைக் காட்டும். அதனால் மேலே தெரியாத முதல் வரைவும் ஓவியர் மனம் மாறித் திருத்திய இடங்களும் புலப்படும். பார்த்து வரைந்த நகலில் இப்படிப்பட்ட தடுமாற்றங்கள் அரிது. அகச்சிவப்புக் கதிரில் அடிக்கோடுகள் தெரியலாம். கித்தானின் நூல் நெசவை எண்ணி, இரண்டு ஓவியங்கள் ஒரே துணிச்சுருளிலிருந்து வெட்டப்பட்டவையா என்றுகூடக் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்படியும் அறிஞர்கள் முரண்படுவதுண்டு. பிரெஞ்சு ஓவியர் நிக்கொலா பூசன் 1657இல் வரைந்த ‘எகிப்துக்குத் தப்பியோட்டம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1986இல் ஏலத்துக்கு வந்தபோது அது பூசனின் கையால் ஆனதல்ல, அவருடைய பட்டறையைச் சேர்ந்தது என்று சொல்லி விற்கப்பட்டது. வாங்கிய வணிகர்கள் அது அசலே என்று நிறுவியதும், தவறான நம்பிக்கையில் விற்றுவிட்டேன் என்று பழைய உரிமையாளர் நீதிமன்றம் போனார், விற்பனை ரத்தானது. பின்னர் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டு, 2007இல் 17 மில்லியன் யூரோவுக்கு லியோன் நுண்கலை அருங்காட்சியகத்துக்காக வாங்கப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி நிறுவனங்களின் கொடை.

வாங்கியவுடன் மாட்டிவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. ஆர்ட்டெமீசியாவின் ஓவியம் மஞ்சளேறிய பழைய வார்னிஷோடும் முந்தைய ஒட்டுவேலைகளோடும் வந்தது. கேலரியின் சீரமைப்புப் பிரிவு மாதக்கணக்கில் அவற்றை நீக்கிய பின்னரே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மார்ட்டனும் ஊப்யெனும் முதலில் பாரிசிலும் ஆம்ஸ்டர்டாமிலும் சிறிது காலம் காட்டப்பட்டு, அதன்பின் ரைக்ஸ்மியூசியத்தின் பட்டறைக்குப் போய் 2018இல்தான் திரும்பி வந்தார்கள்.

பணம் கொடுக்காமல் ஓவியங்கள் வந்து சேர்வதுண்டா?

உண்டு. பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கு அறிவிக்கப்பட்ட 113 டச்சு, பிளெமியப் படங்களை ஃபான் ஓட்டர்லோ, வெதர்பி என்ற இரு சேகரிப்பாளர் தம்பதிகள் கொடுத்தார்கள். அவற்றுள் 1632இல் ரெம்பிராண்ட் வரைந்த ஒரு மூதாட்டியின் உருவப்படமும் உண்டு. ஓவியங்களோடு 20,000க்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட ஆய்வு நூலகமும் அதைப் பயன்படுத்த ஓர் ஆய்வு மையமும் வந்தன. படத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதைப் படிக்கத் தேவையானவற்றுக்கு வழி செய்யாமல் போகும் கொடையாளர்கள் மத்தியில் இது வரவேற்கத்தக்க சிந்தனை.

நிபந்தனையோடு வரும் கொடைகளும் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியங்களை யாரும் மதிக்காத காலத்தில் மலிவாக வாங்கிச் சேர்த்தவர் ஆங்கிலேய அறிஞர் டெனிஸ் மேகன். அவருடைய 57 ஓவியங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகங்களுக்குப் போயின. 25 நேஷனல் கேலரிக்கு. நுழைவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது, தொகுப்பிலிருந்து எதையும் விற்கக் கூடாது என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். தன் ஓவியங்களையே பிணையாக வைத்து அருங்காட்சியகங்களை ஒழுங்காக நடக்கச் செய்த அந்த முதியவரின் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியாது. இவை தவிர, வாரிசுரிமை வரிக்கு ஈடாகக் கலைப்பொருளைக் கொடுக்கும் வழி பிரிட்டனிலும் பிரான்சிலும் இருக்கிறது.

நேஷனல் கேலரியில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த ஓவியத்தையே 22 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கினார்களாமே?

ஒராட்சியோவின் ‘மோசே கண்டெடுக்கப்படுதல்’ 2002 முதல் அங்கே இரவலாகத்தான் இருந்தது. இரவல் என்றால் உரிமையாளர் கேட்கும் நாளில் திருப்பித் தந்தாக வேண்டும். இது 1630களின் தொடக்கத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசின் அரசவையில் வரையப்பட்டு, அரசி ஹென்ரியெட்டா மரியாவின் கிரீனிச் மாளிகையில் இருந்தது. மூன்று மீட்டர் அகலமுள்ள கித்தானில் பட்டாடை அணிந்த பெண்கள் கூடைக்குள் இருக்கும் குழந்தையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். இதன் இன்னொரு வடிவம் மட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லாட்டரி நிதி, அறக்கட்டளைகள், தனியார் கொடை எல்லாம் சேர்ந்த பின் குறைந்த கடைசித் தொகைக்குப் பொதுமக்களிடம் கையேந்தியே கேலரி இதைத் தனதாக்கிக்கொண்டது.

வாங்கியதைப் பின்னொரு நாள் விற்றுவிடலாமா?

ஐரோப்பியத் தேசிய அருங்காட்சியகங்களில் அநேகமாக முடியாது. அமெரிக்காவில் விற்பதுண்டு, விற்ற பணத்தைப் புதிய கலைப்பொருள்கள் வாங்கவே பெரிதும் பயன்படுத்த வேண்டும் என்பது அங்குள்ள தொழில்நெறி.

நேரில் போக முடியாதவர்கள் இவற்றை எப்படிப் பார்ப்பது? படங்களைப் பயன்படுத்த அனுமதி வேண்டுமா?

ஓவியர்கள் இறந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் ஓவியங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அவற்றை எடுத்த ஒளிப்படங்களுக்கு ஒவ்வோர் அருங்காட்சியகமும் தனி விதி வைத்திருக்கிறது. ரைக்ஸ்மியூசியம் தன் தொகுப்பின் பெரும்பகுதியை உயர்ந்த துல்லியத்தில் இணையத்தில் இலவசமாகத் தருகிறது; தரவிறக்கி அச்சிடலாம், புத்தக அட்டையிலும் போடலாம். நேஷனல் கேலரியின் வலைத்தளத்தில் ஓவியங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் கேட்க வேண்டும். நேரில் போகிறவர்களுக்கு: நேஷனல் கேலரியின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை, ரைக்ஸ்மியூசியத்துக்கும் லூவருக்கும் பெரியவர்கள் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். மார்ட்டனையும் ஊப்யெனையும் பார்க்கவென்றே புறப்படுபவர்கள் அந்த ஆண்டில் அவர்கள் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறார்களா பாரிசில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு விமானச்சீட்டு எடுப்பது நல்லது.